குருவிகுளத்துக் குள்ளநரி... தரிசு நிலத்தில் ஒரு மாலை, ஒரு காலை!

பனியில் தலைகுப்புறப் பாய்ந்து எலி பிடிக்கும் செந்நரியின் வீடியோ உங்கள் மொபைலுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். காதை இப்படியும் அப்படியும் திருப்பி, பனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டு, ஒரே தாவல். பாதி உடம்பு பனிக்குள், வால் மட்டும் வெளியே. அந்தத் தாவலை செக் நாட்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனித்து, 2011-ல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் ஒரு கட்டுரையே எழுதினார்கள். உயரமான புல்லிலும் பனியிலும் வேட்டையாடும்போது அவை பெரும்பாலும் வடகிழக்குப் பக்கம் பார்த்துத்தான் தாவுகின்றன, அப்படித் தாவும்போதுதான் எலியும் அதிகம் சிக்குகிறது என்றார்கள். பூமியின் காந்தப்புலம் இதற்கு உதவுகிறதோ என்பது அவர்கள் ஊகம்.

செந்நரிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். லண்டனில் இருக்கும் சித்தி வீட்டுக் குப்பைத்தொட்டியை ராத்திரியில் கிளறுவதும் அதுதான். வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்விட, அங்கிருந்த சின்னச் சின்ன விலங்குகளைத் தின்று தீர்த்ததும் அதுதான். இந்தியாவில் அதைப் பார்க்க லடாக், காஷ்மீர், இமாச்சல் என மலையேற வேண்டும். இல்லையென்றால் ராஜஸ்தான், குஜராத் பாலைக்குப் போக வேண்டும்.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அதன் சொந்தக்காரர் ஒருவர் நம் கரிசல் காட்டிலேயே குடியிருக்கிறார். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவர். அவரைப் படம் பிடிக்கத்தான் பிப்ரவரி மாதத்தில் குருவிகுளத்துக்குப் போனேன்.

கழுகுமலையைத் தாண்டினால்...

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் கழுகுமலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குருவிகுளம். கழுகுக்கு ஒரு மலை, குருவிக்கு ஒரு குளம்! நரிக்கும் ஊர்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடி, ராமநாதபுரம் மாவட்டத்தில் நரிப்பையூர். நம் முன்னோர் யாரையும் விட்டுவைக்கவில்லை.

முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். குற்றாலச் சாரலை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் அறுப்பார்கள். நான் போனபோது மக்காச்சோளம் அறுத்துத் தட்டை மட்டும் நின்றது. உளுந்துக் காடு வெறிச்சோடிக் கிடந்தது. கரிசல் வெடிப்பில் மொபைலைப் போட்டால் எடுக்க முடியாது, அவ்வளவு ஆழம். நடுநடுவே செம்மண் மேடு, உடைமரம், இலந்தைப் புதர். தூரத்தில் காற்றாலைகள்.

என்னை அழைத்துப்போனவர் ஒரு பள்ளி ஆசிரியர். பல வருடங்களாக விடுமுறை நாள்களில் காட்டுயிர்களைப் படம் எடுப்பவர். பெயரைப் போட வேண்டாம் என்றார். “பேர் போட்டா எந்த ஊர்னு கண்டுபிடிச்சிருவாங்கம்மா. அப்புறம் சனிக்கிழமை பத்துக் கார் வந்து நிக்கும். குருவிகுளம்னு மட்டும் எழுதுங்க. ஒன்றியம் பெருசு, தேடட்டும்!”

நரி வேறு, குள்ளநரி வேறு

உடைமர நிழலில் ஆடுகளை மடக்கிப்போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். “தாத்தா, இந்தப் பக்கம் நரி வருமா?” என்று கேட்டேன்.

“எந்த நரியக் கேக்க தாயி? ஊளை போடுறதா, போடாததா?”

ஒரே கேள்வியில் பாடம் முடிந்தது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘நரி’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால், பஞ்சதந்திரத்தில் சிங்கத்துக்கு மந்திரிகளாக வரும் நரிகள் ஊளையிடும் பெருநரிகள். ஓநாய், நாய் இனத்துக்கு நெருங்கிய உறவு. எட்டு, பத்து கிலோ எடை இருக்கும். திராட்சைக்குத் தாவிய ஈசாப் கதை நரி, ஐரோப்பாவின் செந்நரி. இரண்டும் பாடப்புத்தகத்தில் ஒரே படமாகி, பாட்டியின் வடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது!

தாத்தா சொன்ன ‘ஊளை போடாதது’தான் குள்ளநரி. அறிவியல் பெயர் வல்பெஸ் பெங்காலென்சிஸ். செந்நரியின் அதே வல்பெஸ் குடும்பம். எடை 2 முதல் 3 கிலோ, அதாவது ஒரு பெரிய சேவல் அளவு. சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, மெலிந்த கால், முகத்துக்குப் பொருந்தாத பெரிய காது. உடம்பில் பாதிக்கு மேல் நீளமான புசுபுசு வால். அந்த வாலின் நுனிதான் அடையாள அட்டை. நுனி கறுப்பு என்றால் நம்ம ஊர்க் குள்ளநரி. வெள்ளை என்றால் செந்நரி. ஊளைக்குப் பதில் ‘கெக்கெக்’ என்று கடகடவென ஒரு சத்தம் போடும். தாத்தா அதை வாயாலேயே செய்து காட்டினார். ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

“ஆட்டைப் புடிக்காதா தாத்தா?”

“அது கெடக்கு, ஆட்டுக்குட்டி கால்ல மிதிச்சா அதுதான் செத்துப்போவும். எலியத் திங்கும், ஈசலத் திங்கும். இலந்தப்பழம் காலத்துல புதருக்குள்ள பாத்துக்கிடு, அதோட எச்சத்துல பூரா கொட்டையா கெடக்கும்.”

அத்தனையும் உண்மை. கரையான், வண்டு, வெட்டுக்கிளி, எலி, ஓணான், தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டை, இலந்தை, வேப்பம்பழம்... கிடைப்பதைத் தின்று வாழத் தெரிந்த விலங்கு இது. வரப்பெலியைத் தின்பதால் விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரர். இலந்தை விதையைக் காடெங்கும் போடுவதால் தோட்டக்காரரும்கூட. சங்கரன்கோவில் கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறோம் அல்லவா? அந்தப் புற்றைக் கட்டும் கரையான்தான் இவருக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு.

அந்த இருபது விநாடி

முதல் நாள் மாலை ஒன்றும் கிடைக்கவில்லை. வெயிலில் குள்ளநரி வெளியே வராது. பொழுது சாயும் நேரமும் விடியற்காலையும்தான் அதன் நடமாட்டம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வரப்போரம் படுத்துக்கொண்டோம். ஆம், படுத்துக்கொண்டுதான். இரண்டு கிலோ விலங்கை நின்றபடி மேலிருந்து எடுத்தால் படத்தில் பூனை மாதிரி இருக்கும். கேமரா அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். காற்று நம் முகத்தில் அடிக்கும்படி உட்கார வேண்டும். நம் வாசனை அந்தப் பக்கம் போனால் ஆட்டம் முடிந்தது. சட்டை மண் நிறத்தில் இருந்தால் நல்லது. சார் கையில் 600 எம்.எம். லென்ஸ், என் கையில் அலுவலகக் கேமராவும் 400 எம்.எம். லென்ஸும்.

ஆறே கால் இருக்கும். தட்டைக்குள்ளிருந்து இரண்டு காதுகள் முதலில் தெரிந்தன. அப்புறம் ஆள் வந்தார். நின்றார். எங்கள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, ‘சரி, இவர்கள் ஏதோ வேலையில்லாதவர்கள்’ என்பதுபோலத் தரையில் மூக்கை வைத்து எதையோ கொறித்தார். திடீரென்று ஒரு வெட்டுக்கிளி கிளம்ப, அதன் பின்னால் ஓட்டம். ஓடும்போது வால் தரைக்குச் சமமாக நீண்டிருந்தது. சடாரென்று திரும்பியபோது அதே வால் கொடிக்கம்பம் மாதிரி மேலே எழுந்தது. வேகமாகத் திரும்பும்போது குள்ளநரிகள் வாலைத் தூக்குவது வழக்கம். இதை முன்கூட்டியே சார் சொல்லியிருந்ததால் ஆயிரத்தில் ஒரு விநாடி ஷட்டர் வேகத்தில் வைத்துத் தயாராக இருந்தேன். மொத்தமே இருபது விநாடி. பதினோரு படங்கள், அதில் மூன்று தேறின. இங்கே நீங்கள் பார்க்கும் முதல் படத்தில் வால் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு!

அன்று காலையிலேயே டெஸ்க்கிலிருந்து மெசேஜ்: ‘சூப்பர். குட்டியோட ஒண்ணு கிடைக்குமா?’

கேட்டதில் தப்பில்லை. குட்டி படம் என்றால் நீங்களும் கிளிக் செய்வீர்கள். சாரிடம் காட்டினேன். அவர் போனைத் திருப்பித் தந்தபடி, “வளை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். காட்ட மாட்டேன்” என்றார்.

ஏன் என்பதை நடந்துகொண்டே விளக்கினார். குள்ளநரிக்கு வருடம் முழுக்க வளை தேவையில்லை; குட்டி போடத்தான் வளை. கரிசலில் மழைக்கு வளை இடிந்துவிடும் என்பதால் செம்மண், சரள் மேடுகளைத்தான் இங்கே தேடிப் பிடிக்கிறது என்பது அவர் கவனித்தது. ஒரே வளைக்குப் பல வாசல்கள். மார்கழி, தை வாக்கில் இணை சேர்ந்து, ஐம்பது நாள் சுமந்து, மாசி முதல் சித்திரைக்குள் இரண்டு முதல் நான்கு குட்டிகள். ஆணும் பெண்ணும் ஜோடியாகவே குடும்பம் நடத்துகின்றன. தகப்பனும் இரை கொண்டுவரும், காவல் நிற்கும்.

“இப்ப நாம வளைக்கிட்ட போனோம்னு வைங்க. நம்ம காலடி மண்ணுல பதியும். நம்ம வாசனை நிக்கும். நமக்குப் பின்னாடியே நாய் வரும். தாய் நரி பயந்து குட்டிகளை ஒவ்வொண்ணா வாயில கவ்வி வேற வளைக்குத் தூக்கிட்டுப் போவும். நடு வழியில நாயோ பருந்தோ புடிச்சா? நமக்கு ஒரு படம், அதுக்கு ஒரு குட்டிம்மா.”

டெஸ்க்குக்கு ‘இல்லை’ என்று பதில் போட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் குட்டி படம் இல்லை.

நாயும் தரிசும்

சார் நாயைச் சொன்னது சும்மா இல்லை. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் அருகே நன்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் என்ற ஆய்வாளர் குள்ளநரிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். நாய் பக்கத்தில் இருந்தால், உணவு எதிரிலேயே இருந்தாலும் குள்ளநரி குறைவாகத்தான் தின்கிறது, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது என்று அவர் குழு பரிசோதித்துக் காட்டியது. இது போதாதென்று வெறிநோயும் டிஸ்டெம்பர் வைரஸும் நாய்களிடமிருந்து பரவக்கூடியவை. ஊர் நாய்களுக்குப் போடும் தடுப்பூசி, ஊருக்கு வெளியே இருக்கும் குள்ளநரிக்கும் போட்டதுதான்.

இன்னொரு பெரிய சிக்கல், ஒரு வார்த்தை. தரிசு.

குள்ளநரி அடர்ந்த காட்டை விரும்பாது. அதற்குத் தேவை வெட்டவெளி, புல், முள்புதர், கொஞ்சம் மேடு. இதே நிலத்தைத்தான் நாம் பத்திரத்திலும் பேச்சிலும் ‘ஒண்ணுக்கும் ஆகாத இடம்’ என்கிறோம். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் முட்புதர் நிலத்துக்கென்றே ஒரு வகை இருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாத இடம் என்று எழுதிவிட்டால், அடுத்து அங்கே எது வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சூரிய மின்தகடும் காற்றாலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மொபைலுக்கும் கரண்ட் வேண்டுமே! ஆனால் ஒரு மேட்டை மட்டமாக்கும் முன், அதில் வளை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளாவது போகலாம். குள்ளநரி அழியும் பட்டியலில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘கவலை குறைந்த’ இனமாகத்தான் வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்துவருகிறது என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது.

இந்த விலங்கை ஆராய்ச்சிக் கண்ணோடு முதலில் பார்த்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி.ஜான்சிங். பக்கத்து சிவகாசியில், அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்ததால்தான் உலகம் அவரை அறியும். ஆனால், குள்ளநரியின் வாழ்க்கை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் அதைத் தொட்டுத்தான் தொடங்குகிறார்கள். 2024 ஜூனில் அவர் காலமானார்.

“நரி முகத்துல முழிச்சா நல்லதுன்னு சொல்வாங்களே தாத்தா?” என்று கிளம்பும்போது கேட்டேன். இந்த நம்பிக்கையால்தான் சேலம் வாழப்பாடி பக்கம் பொங்கலையொட்டி ‘வங்காநரி’ பிடித்து ஊரைச் சுற்றிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை ஒவ்வொரு வருடமும் எச்சரித்து, மீறுபவர்களுக்கு அபராதம் போடுகிறது. நரிப்பல், நரிக்கொம்பு என்று விற்பதும் வாங்குவதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நரிக்குக் கொம்பே கிடையாது என்பது தனிக் கதை.

தாத்தா சிரித்தார். “அது வலம் போனா என்ன, இடம் போனா என்ன தாயி. நான் தெனம் அது முகத்துலதான் முழிக்கேன். எனக்கு என்ன பங்களாவா வந்துச்சு?”

நீங்களும் போகிறீர்களா?

குருவிகுளத்தில் தங்க வசதி குறைவு. கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ தங்கிக்கொண்டு அதிகாலையில் கிளம்பலாம். பகலில் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிடுங்கள். மாலையில் சங்கரன்கோவில் பிரியாணி, திரும்பும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய்.

பெரிய கேமரா இல்லையா? மொபைல் போதும். ஈர மண்ணில் கால்தடம், இலந்தைக் கொட்டை நிறைந்த எச்சம், வாலைத் தூக்கித் திரும்பும் ஒரு நிழல், இவையெல்லாம் நல்ல படங்கள்தான். புஞ்சைக்குள் இறங்கும் முன் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாயைக் கூட்டிப்போகாதீர்கள். இரை வைத்து இழுக்காதீர்கள். இரவில் டார்ச் அடித்து, ஃபிளாஷ் போட்டு எடுக்காதீர்கள். மாசி முதல் வைகாசி வரை வளை தென்பட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பதிவேற்றும்போது மொபைலில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இந்த மூன்று படங்களிலும் நானும் அணைத்திருக்கிறேன்.