ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் பரவை. காய்கறி மொத்தச் சந்தை உள்ள ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். சந்தையில் கழித்த கோஸ் இலையைக் கொத்தியே வளரும் கோழிகள் இங்கே நிறைய.

இங்கே கோழி வளர்க்கும் அம்மாச்சி ஒருவர் பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஐந்து வாரக் குஞ்சுகள் சிதறி ஓடின. ஒன்றைப் பிடித்து நீட்டி, "இது சேவலா, பொட்டையா?" என்று கேட்டேன்.

"ஒத்தைக் குஞ்சைக் காட்டிக் கேட்டா எப்புடித் தம்பி சொல்றது? கூடப் பொறந்ததையும் கொண்டாங்க."

ஒரே அடையில் பொரித்த இரண்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றுக்குக் கத்திப்பூக் கொண்டை சிவந்து, பல் பல்லாய் எழும்பியிருந்தது. காலைத் தடவிப் பார்த்தார், தடிமன். முதுகில் இறகு இன்னும் மூடவில்லை, வாலும் குட்டை. மற்றதற்குப் பூ வெளிர்மஞ்சள். முதுகு மூடி, வால் நீண்டிருந்தது. "இது சேவல், இது பொட்டை." பூ, கால், இறகு மூன்றும் ஒத்து வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிக்கு இது சரி. பெரிய உடம்புள்ள பெருவிடையில் மத்திப்பூக் கொண்டை தலையோடு ஒட்டிக் கிடக்கும், சேவலுக்கே சிவக்க நாளாகும், இறகும் தாமதம். மூன்று மாதம் தாண்டி, கழுத்திலும் இடுப்பிலும் கூர்கூராய் இறகு இறங்கினால்தான் சேவல் என்று உறுதியாகச் சொல்லலாம். கருங்கோழியான கடக்நாத் என்று சொல்லி வாங்கிவந்த ஒன்றின் அலகைத் திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பு திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. "கலப்பு" என்று இறக்கிவிட்டார்.

பொரிப்பகங்களில் முதல் நாளே சேவல், பொட்டை என்று பிரித்துவிடுகிறார்கள். பின்துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளிருக்கும் சிறு மொட்டைப் பார்க்கும் அந்த முறையை 1920-களில் ஜப்பானில் மசூயியும் ஹஷிமோட்டோவும் வகுத்தார்கள். கை பழகாதவர் செய்தால் குஞ்சு செத்துப்போகும். சிறகை விரித்துப் பார்க்கும் முறை இன்னும் சுலபம். ஆனால் மெதுவாகச் சிறகு முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தகப்பனையும் திட்டமிட்டுச் சேர்த்த இனத்தில் மட்டுமே அது பலிக்கும். தெருவில் மேய்ந்த கோழிக்கு ஏது அந்த ஜாதகம்? வண்டியில் குஞ்சு விற்பவர் சிறகை விரித்துக் காட்டி "அத்தனையும் பொட்டை" என்பது வெறும் வியாபாரப் பேச்சு. திருவிழாக் கடையில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளோ, பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகம் கழித்துவிட்ட ஆண்கள்.

கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பொட்டை என்பார்களே என்றேன். அம்மாச்சி சிரித்தார். அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக எழுதிவைத்திருக்கிறார். முட்டையின் வடிவத்தில் ஒன்றுமில்லை. ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி தரும் குரோமோசோமில் இருக்கிறது.

முட்டைக்காக நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்கள் ஒருநாள் குஞ்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சிறுவிடையானால் இரண்டு மாதம் ஆனதாக, பெருவிடையானால் மூன்று மாதம் தாண்டியதாக, ஒரே அடைக் குஞ்சுகளை அருகருகே விட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்டாயிற்றா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.