ராஜா வர்றார், குழாயைத் திற!

பாரிஸிலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வெர்சாய். ஸ்டேஷனிலிருந்து அரண்மனைக்குப் பொடிநடை. வாசலில் நிற்கிற க்யூதான் அரண்மனையைவிட நீளம்!

1623-ல் பதிமூன்றாம் லூயி, வேட்டைக்கு வந்தால் ராத்தங்க ஒரு சின்ன வீடு கட்டினார். பிள்ளை பதினாலாம் லூயி அதை இழுத்து இழுத்துப் பெரிசாக்கி, 1682-ல் சர்க்காரையே இங்கே கொண்டுவந்துவிட்டார். பிரபுக்களும் பின்னாலேயே வந்தாக வேண்டும். கண்ணெதிரே இருந்தால் கலகம் பண்ண முடியாதே!

கண்ணாடிக் கூடம் 73 மீட்டர். 357 கண்ணாடிகள். அந்தக் காலத்தில் நல்ல கண்ணாடிக்கு வெனிஸ்காரர்கள் வைத்ததுதான் விலை. நிதி மந்திரி கோல்பேர், அவர்களுடைய தொழிலாளிகளையே ஆசை காட்டிக் கிளப்பிக்கொண்டு வந்து பிரான்ஸில் தொழிற்சாலை போட்டுவிட்டார். பி.காம். படித்த எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்த தகவலில் கை இறங்கிவிட்டது. ஆசை ஆசையாகச் செய்த வெள்ளி மேஜை நாற்காலிகளை 1689-ல் யுத்தச் செலவுக்காக உருக்கிவிட்டார்களாம். வரவு எட்டணா கேஸ்!

வெளியே லெ நோத்ர் போட்ட தோட்டம். மரம் செடியெல்லாம் அட்டென்ஷனில் நிற்கின்றன. நடுவில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கால்வாய். முழங்கால் கெஞ்சுகிறது.

இங்கேதான் தமாஷ். நீரூற்றுகள் ஏராளம், தண்ணீர்தான் கிடையாது! 1684-ல் 14 ராட்சதச் சக்கரங்கள் வைத்து, ஸேன் நதித் தண்ணீரை 150 மீட்டருக்கு மேல் ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. அதனால் ஒரு யுக்தி. ராஜா நெருங்கினால் விசில், குழாயைத் திற. அவர் தாண்டியதும் மூடு, அடுத்ததைத் திற. மேனேஜர் தலை தெரிந்ததும் ஃபைலைப் புரட்டுகிற நம்ம ஆசாமிகளுக்கு இவர்கள்தான் ஆதி குரு.

ஆனால் சிரிப்பு அதோடு சரி. யூர் நதியைத் திருப்பிவிட 1685-ல் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மண் வெட்ட விட்டார்கள். காய்ச்சலில் நிறையப் பேர் செத்தார்கள். 1688-ல் யுத்தம் வந்து வேலை நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

1789 அக்டோபர் 5. ரொட்டி கேட்டுப் பாரிஸ் பெண்கள் மழையில் நடந்தே இங்கு வந்தார்கள். மறுநாள் பதினாறாம் லூயியைக் குடும்பத்தோடு பாரிஸுக்குக் கூட்டிப் போனார்கள். அப்புறம் எந்த லூயியும் இங்கே குடியிருக்கவில்லை. கணக்கு டாலியாக நூறு வருஷம் ஆகியிருக்கிறது!

இப்போது சீஸன் நாட்களில் பாட்டுப் போட்டு நீரூற்று விடுகிறார்கள். டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம். தண்ணீர் பொங்கியதும் விசில் கேட்டது. அடித்தது வேலைக்காரன் இல்லை. என் பக்கத்தில் நின்ற பையன், குஷியில்!