பட்டறையில் பாட்டு

கணபதி பகுதியில் எங்கள் லேத் பட்டறையில் மறுபடியும் பாட்டு கேட்கிறது. பழைய ஸ்பீக்கர் ஆறே மாதத்தில் கரகரத்துப் போனது. கழற்றிப் பார்த்தேன். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நின்றது. எல்லாம் கிரைண்டரிலிருந்து பறந்த தூள்.

இந்த முறை ஆம்பிளிஃபயர் ஆபீஸ் அறைக்குள்ளே, வெளியே ஒயர் மட்டும். ஒரே பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் சின்னதாக ஒன்று, மேலே மெல்லிய துணி. திறந்தவெளிக் கணக்கில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும், அலறவிட வேண்டியதில்லை.

கிரைண்டர் ஓடும்போது பாட்டை நிறுத்திவிடுகிறோம். கிரைண்டர் சத்தத்தை மிஞ்ச வால்யூமைக் கூட்டினால் போவது நம் காதுதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். நாற்பது வருடம் லேத்தில் நின்ற அப்பாவுக்கு இடது காது கேட்பதில்லை.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களே, ஸ்பீக்கர் வாங்கும் முன் ஆளுக்கொரு காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.