கிரிவலப் பாதையில் எம் ஸ்போர்ட்

கார் வாங்குவதில் இரண்டு கஷ்டங்கள் உண்டு. ஒன்று, கையில் பணம் இல்லாமல் இருப்பது. இது நமக்கெல்லாம் பழகிப்போன கஷ்டம். இன்னொன்று, கொஞ்சம் பணம் இருப்பது. பேஸ் மாடலா, நடு மாடலா, டாப் எண்டா என்று தூக்கம் கெடுவது அப்போதுதான்.

என் ஆபீஸ் நண்பனுக்கு வந்தது இந்த இரண்டாவது கஷ்டம். பல வருஷம் சின்ன காரிலேயே ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்தவன், ஒருநாள் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் மேல் கண் வைத்துவிட்டான். புதுசுக்கு ஆசை, பழசுக்குத்தான் பட்ஜெட். 2019-லிருந்து 2021 வரை வந்த வண்டிகளில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடிப்பதாகத் திட்டம். எந்த மாடல் என்பதில்தான் சிக்கல். டிபன் பாக்ஸ் பைக்குள் ஒரு பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போதெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்ப்பான். கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது அந்தப் பேப்பர்.

இந்த மாதிரி கார்களில் பேஸ் மாடல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாங்குகிறவர் மனசு புண்படுமே! ஸ்போர்ட், லக்ஷுரி லைன், எம் ஸ்போர்ட் என்று கௌரவமான பெயர்கள். 2019 ஆகஸ்டில் இந்தத் தலைமுறை 3 சீரிஸ் இந்தியாவுக்கு வந்தபோது 320டி ஸ்போர்ட் 41.40 லட்சம். 320டி லக்ஷுரி லைன் 46.90 லட்சம். 330ஐ எம் ஸ்போர்ட் 47.90 லட்சம். எல்லாம் ஷோரூம் விலை. ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி அழுகை.

முதல் இரண்டின் பானெட்டைத் திறந்தால் ஒரே 2 லிட்டர் டீசல் எஞ்சின், ஒரே 190 குதிரை. அப்புறம் ஐந்தரை லட்சம் வித்தியாசம் எதற்கு? பெரிய திரைக்கும் உள் அலங்காரத்துக்கும். மாப்பிள்ளை ஒருத்தர்தான், முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட்டு. மூன்றாவது எம் ஸ்போர்ட் மட்டும் நிஜமாகவே வேறு ஆள். 258 குதிரை பெட்ரோல் எஞ்சின், 5.8 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம். ஆனால் அந்த 'எம்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 1972-ல் ரேஸுக்காக அந்தக் கம்பெனி ஆரம்பித்த மோட்டார்ஸ்போர்ட் பிரிவின் முதலெழுத்து அது. அசல் எம் கார் என்றால் எம்3. எம் ஸ்போர்ட் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டையைப் போட்டுக்கொண்ட சித்தப்பா பையன்.

2021 ஜனவரியில் இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. கிரான் லிமோசின் என்று அதே காரை இழுத்து நீட்டியிருந்தார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 110 மில்லிமீட்டர் கூடுதல். நாலு விரல்கடைக்குக் கொஞ்சம் மேலே என்று வையுங்கள். அத்தனையும் பின் சீட்டுக்கு!

"பின் சீட்ல உக்காரவா பி.எம்.டபிள்யூ வாங்கறேன்? ஓட்டத்தான்டா வாங்கறேன்" என்றான் நண்பன். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

330ஐ எம் ஸ்போர்ட் வைத்திருந்த ஒருவர், "ஒருநாள் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா பேசலாம்" என்று சாவியைக் கொடுத்தார். நண்பனுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. அப்பா அம்மா அங்கேதான். சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். டெஸ்ட் டிரைவுக்கு இதைவிடப் பொருத்தமான ரோடு உண்டா? சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம்.

தாம்பரம் தாண்டியும் அந்த 5.8 வினாடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த நேரத்திலும் நமக்கு முன்னால் ஒரு லாரியும், அந்த லாரியை ஓவர்டேக் செய்ய யோசித்துக்கொண்டே இன்னொரு லாரியும் போய்க்கொண்டிருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினால் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. இந்தக் கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை 2007-லிருந்து அங்கேதான் இருக்கிறது. பிறந்த வீட்டு வாசல் வழியாகப் போகிற பெண் மாதிரி வண்டி கொஞ்சம் மெதுவாகப் போனதாக எனக்குத் தோன்றியது. நண்பன் சொன்னான், "பரனூர் டோல்கேட்டுடா, அதான் ஸ்லோ பண்றேன்." டோலில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆல்ட்டோவுக்கும் அதே காசு, எம் ஸ்போர்ட்டுக்கும் அதே காசு. அங்கே கிடைக்கிற சமத்துவம் ரோட்டில் வேறெங்கும் கிடையாது.

திண்டிவனத்தில் வலப்பக்கம் திரும்பினால் செஞ்சி வழியாக மேற்கே போகிற ரோடு. இங்கேதான் மாடல் வித்தியாசம் முதுகுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பெரிய சக்கரம், மெல்லிசான டயர். போதாததற்கு அது ரன் ஃபிளாட் டயர். காற்று மொத்தமும் இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும். நடு ராத்திரியில் பஞ்சர் ஆனால் சாமி மாதிரி. ஆனால் அப்படி ஓட வேண்டுமானால் டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருந்தாக வேண்டும். அதனால் ரோட்டில் ஒட்டுப் போட்ட இடங்களை எல்லாம் நாமும் எண்ணிக்கொண்டே போகலாம். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. ஸ்டியரிங் சுகத்தில் இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கேளுங்கள்.

செஞ்சியில் டீ குடித்தோம். பாறைகளை யாரோ கூடையிலிருந்து கொட்டிய மாதிரியான மலைகள், அவற்றின் மேல் கோட்டை. 2025-ல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. டீக்கடைக்காரர் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் காரையே பார்த்தார். "மைலேஜ் எவ்ளோ சார்?" என்றார். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அண்ணாமலை தெரிய ஆரம்பிக்கும். மலை சீக்கிரம் வந்துவிடும், ஊர் மட்டும் வராது.

நண்பனின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மைலேஜ் எவ்வளவுடா?" என்று கேட்டார். அப்புறம், "கிரிவலம் கூட்டிட்டுப் போறியா? நடந்து மூணு வருஷமாச்சு" என்றார்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு டாப் எண்டும் பேஸ் மாடலும் ஒரே வெயிலில் காயும். சொந்தக்காரர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள். நாங்கள் போனது சாதாரண நாள் என்பதால் வண்டியிலேயே சுற்ற முடிந்தது. அப்பாவும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். ஏறினார்கள் என்பதைவிட, இறங்கினார்கள் என்பதுதான் சரி. இந்த மாதிரி கார்களின் சீட் எல்லாமே தாழ்வு. அப்படி இருந்தால்தான் வளைவில் வண்டி ரோட்டைப் பிடிக்கும். அப்பா முதலில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

258 குதிரைகளும் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தன. முன்னால் சாமியார்கள், நாய்கள், இளநீர் வண்டி, நெற்றி நிறைய விபூதியோடு வெள்ளைக்காரர்கள். ஹாரன் அடிக்க மனசு வராத ரோடு அது. பாதையில் எட்டு லிங்கங்கள் உண்டு: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். எட்டு இடத்திலும் இறங்கிக் கும்பிடுவது அப்பாவின் வழக்கம். எட்டு தடவை இறங்கி எட்டு தடவை ஏற வேண்டும்! எந்தப் பத்திரிகையின் டெஸ்ட் டிரைவிலும் இந்தப் பரீட்சை கிடையாது.

இந்திர லிங்கத்தில் தானே இறங்கினார். அக்னி லிங்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டார். எம லிங்கத்தில் நண்பன் இறங்கிவந்து கை கொடுத்தான். நிருதி லிங்கம் வந்ததும், "வேணாம்டா, இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்று கண்ணாடியை இறக்கிக் கை கூப்பினார். அடுத்த நாலுக்கும் அப்படியே. நண்பன் ரியர் வியூ மிர்ரரில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எம் ஸ்டியரிங்கைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தேரடி வீதியில் நிறுத்தினோம். ராஜகோபுரம் 217 அடிக்கு நிற்கிறது. அதன் முன்னால் எந்தக் காரும் பொம்மைதான். அங்கே ஒரு புதுக் காருக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தில் மட்டும் இன்னும் ஸ்போர்ட், லக்ஷுரி என்று பிரிவு வரவில்லை.

அப்பாவுக்கு வாத்தியார் குரல் வந்துவிட்டது. "உங்க காரு மாதிரி எங்க சாமிக்கும் மாடல் உண்டு தம்பி. தீபத் திருவிழாவில ஒவ்வொரு நாளும் ஒரு வாகனம். அஞ்சாம் நாள் வெள்ளி ரிஷபம். ஆறாம் நாள் வெள்ளித் தேர். ஏழாம் நாள் மகா ரதம். பத்தாம் நாள் மலையில தீபம் ஏத்தின ராத்திரி தங்க ரிஷபம்."

"ஏழாம் நாள் அஞ்சு தேர் வருமே சார்?"

"ஆமா. அம்மன் தேரைப் பொம்பளைங்க இழுப்பாங்க. சண்டிகேஸ்வரர் தேரைச் சின்னப் பசங்க. பெரிய தேருக்குப் பிரேக் எது தெரியுமா? சக்கரத்துக்கு அடியில போடற கட்டை. நாலு வீதி சுத்தறதுக்குள்ள ராத்திரி ஆயிடும். அவசரம் கிடையாது."

நண்பன் இதை எதையும் கேட்கவில்லை. செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன், "அப்பா, இதே வண்டில நீளமா ஒண்ணு இருக்கு. பின் கதவும் நீளம். காலைத் திருப்பி வெளியே வைக்க இடம் இருக்கும். சீட் உயரம் மட்டும் இதேதான்" என்றான்.

எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. மாடல் பட்டியலில் முன் சீட்டுக்காரனுக்கு எழுதியதை மட்டும் படித்துவிட்டு நாம் மூடிவிடுகிறோம். பின் கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்பதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. வயசானவர்கள் வீட்டில் இருந்தால் ஷோரூமுக்கு அவர்களையும் கூட்டிப்போங்கள். நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சேல்ஸ்மேன் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்காக நீளமெல்லாம் வாங்காதே. வருஷத்துல எத்தனை நாள் வர்றே நீ?" என்றார்.

"நாலு நாள்" என்றார் அம்மா. பொங்கலுக்கு இரண்டு, தீபாவளிக்கு ஒன்று, ஆடியில் ஒன்று என்று விரல் விட்டுக் கணக்கும் சொன்னார். நண்பன் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தான், ஏதோ அதன் நிலைகளை எண்ணுகிற மாதிரி. பதினொன்று; நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன்.

அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போய் புரோக்கருக்குப் போன் போட்டான். "அண்ணே, அந்த எம் ஸ்போர்ட்டை விட்டுடுங்க. 320எல்டி லக்ஷுரி லைன் ஒண்ணு இருக்குன்னீங்களே... கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல. அடுத்த சனிக்கிழமை ஊருக்கு எடுத்துட்டு வரணும். காட்டுவாங்களா?"

"டீசலாடா?" என்று அப்பா இங்கிருந்தே குரல் கொடுத்தார். "மைலேஜ் கேளு!"