அம்மாவின் கூலி எந்தப் பக்கம்?

பதினொன்றாம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன். ஒரு தொழில் எப்போது லாபத்தைத் தொடும் என்ற கணக்கைக் கரும்பலகையில் போடுவது சுலபம். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் ஆகும் செலவை, ஒரு உருப்படியில் மிஞ்சும் காசால் வகுக்க வேண்டும். அந்த எண்ணிக்கை விற்றால் முதலுக்கு மோசமில்லை. அதற்கு மேல் விற்பது லாபம். பிரேக் ஈவன் என்பது இவ்வளவுதான். ஆனால் எந்தச் செலவை எங்கே எழுதுவது? அங்கேதான் சிக்கல்.

மாணவி ஒருத்தியின் அம்மா இட்லிக் கடை நடத்துகிறார். அதையே கணக்காக எடுத்தோம். நாலு இட்லி கொண்ட ஒரு தட்டு 40 ரூபாய். மாவு, சாம்பார், சட்னி, கேஸ், இலை எல்லாம் சேர்த்து 24. மிச்சம் 16. வாடகை 7,000, உதவியாள் சம்பளம் 8,000, கரண்ட் 1,000. ஆக மாதம் 16,000. வகுத்தால் 1,000 தட்டு. மாதம் 25 நாள் கடை என்றால், ஒரு நாளைக்கு 40.

கேஸை எங்கே எழுதுவது என்று வகுப்பே இரண்டுபட்டது. "நாலு இட்லி கேட்டாலும் ஒரு ஈடு முழுசா வேகணுமே டீச்சர், அடுப்பு எரியத்தானே செய்யும்?" என்றான் ஒருவன். நியாயம்தான். சில செலவுகள் பாதி நிலையானவை, பாதி மாறுபவை. கணக்குக்காக ஒரு பக்கம் தள்ளுகிறோம், அவ்வளவே.

கடையில் தினம் 60 தட்டு போகிறது. மாதம் 8,000 லாபம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மாணவி மட்டும், "எங்கம்மாவுக்குச் சம்பளமே போடலையே டீச்சர்?" என்றாள்.

அதே வேலைக்கு வேறு கடையில் கிடைக்கக்கூடிய 12,000 ரூபாயைச் சேர்த்தோம். மாதச் செலவு 28,000 ஆனது. தேவை தினம் 70 தட்டு. 8,000 லாபம் போய் 4,000 நஷ்டம் நின்றது.

"அப்போ சொமேட்டோ மட்டும் எப்படி டீச்சர் இத்தனை வருஷம் நஷ்டத்துல ஓடுச்சு?" என்று அடுத்த கேள்வி. 2008-இல் தொடங்கிய அந்நிறுவனம், ஒட்டுமொத்தக் கணக்கில் முதல் காலாண்டு லாபத்தை 2023 ஏப்ரல்–ஜூனில்தான் காட்டியது. அதுவும் 2 கோடி ரூபாய். அதுவரை நஷ்டத்தைத் தாங்கியது முதலீட்டாளர்களின் பணம். இட்லிக் கடையின் நஷ்டத்தைத் தாங்குவது அம்மாவின் உடம்பு.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு மளிகைக் கடையும் நினைவுக்கு வந்தது. சொந்த இடம் என்பதால் வாடகை எழுதியதில்லை. அப்பா, அம்மா கூலியையும் எழுதியதில்லை. அந்த லாபத்தில்தான் நான் படித்தேன். அதில் பெரும்பகுதி அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளம் என்பதை என் மாணவியிடம்தான் கற்றேன்.

அதற்காக அந்த இட்லிக் கடையை மூடச் சொல்ல மாட்டேன். வெளியே 12,000 தரும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருக்கலாம். வீட்டையும் பார்த்துக்கொண்டே செய்ய முடிந்த வேலை இந்தக் கடை ஒன்றாக மட்டுமே இருக்கலாம். ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் பிள்ளைகள் தொழில் தொடங்கப் போகிறேன் என்று கணக்கோடு வந்தால், விலையைப் பற்றி அப்புறம் பேசுங்கள். வீட்டார் உழைப்புக்கு எவ்வளவு எழுதியிருக்கிறாய் என்று முதலில் கேளுங்கள்.