தில்லையாடி மண்

கோடை விடுமுறை என்றால் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே பொருள்தான்: ஊருக்குப் போவது. இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் கழித்து, சென்னையில் வண்டி மாறி, மயிலாடுதுறையில் இறங்கி, தரங்கம்பாடிச் சாலையில் எங்கள் சிற்றூரை அடைவோம். பிள்ளைகளின் தமிழில் ஒட்டிக் கொண்டிருந்த இந்தி வாடை ஒரு வாரத்தில் போய்விடும். இருபது ஆண்டுகளாகத் தவறாத இவ்வழக்கம் சென்ற கோடையில் தவறியது.

சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டை முடித்திருந்த எங்கள் மகள், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஜூலை மாதம் நடக்கவிருந்த இருவார அரசியலமைப்புச் சட்ட வகுப்புக்குத் தேர்வு பெற்றாள். கல்லூரி திறப்பதற்குள் திரும்பிவிடலாம். தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. விமானக் கட்டணம் எங்கள் பொறுப்பு. ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. ஆகவே அவ்வாண்டு எங்களில் எவரும் ஊருக்குப் போகவில்லை.

ஆயத்தங்கள் பெயரிலிருந்து தொடங்கின. நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும், அவ்வளவே. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்த நாளில் அந்த ஓரெழுத்தை விரித்துக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இட்டிருந்தோம். மகளோ விமானச் சீட்டில் பழக்கப்படி ஓரெழுத்தையே எழுதிவிட்டாள். இரண்டும் ஒன்றே என்று விமான நிறுவனத்துக்கு உணர்த்த மூன்று நாள் தொலைபேசியில் மன்றாடினோம். "அப்பா, இரண்டு வாரம் என்னை எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அழைக்கப் போகிறார்கள்" என்று அவள் சிரித்தாள்.

அடுத்தது கம்பளி. வெளியே டில்லியின் அனற்காற்று வீச, டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டர்களை எடுத்து உதறினோம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள நகர். நமக்குக் கோடை எனில் அங்கே குளிர்காலம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எட்டிப் பார்த்து, எங்களுக்கு என்னவாயிற்று என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

இரவு நேரங்களில் அவள் படித்தாள். படித்ததை எங்களுக்கும் சொன்னாள். அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு பழைய சிறை வளாகத்தில் நிற்கிறது. 1908இல் காந்தியடிகள் அடைபட்டிருந்த இடம் அது. விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களைக் கொண்டே நீதிமன்றக் கூடத்தின் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். 1996இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில், போற்றி மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. அவள் அதைக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு மும்முறை படித்தோம்.

இவ்வளவும் ஊரிலிருந்த அப்பாயிக்குச் சமாதானமாகவில்லை. எண்பத்திரண்டு வயது. "வருசத்துக்கு ஒருக்கா பார்க்கிற முகம். அதையும் பறிச்சிக்கிட்டு அப்படி என்ன படிப்பு? எந்த ஊரு அது?" என்று தொலைபேசியில் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நம்ம வள்ளியம்மை பொறந்த ஊரா?" என்றார்.

அப்பாயியின் வீட்டிலிருந்து தில்லையாடி நடை தூரம். அவ்வூர்த் தாய்க்கு 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மகள் வள்ளியம்மை. 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பினால், கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத நம்மவர் திருமணங்கள் செல்லாதவை ஆயின. விடிந்தெழுந்தபோது மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லை. மூன்று பவுன் தலைவரியோடு இக்கொடுமையையும் எதிர்த்துப் பெண்கள் அறப்போரில் இறங்கினர். அவர்களுள் பலர் தமிழ்ப் பெண்கள். வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடுங்காய்ச்சலுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். வயது பதினாறு. அவ்வாண்டே வந்த சட்டம் நம் திருமணங்களை ஏற்றது, தலைவரியும் ஒழிந்தது. அந்தப் பெண்ணின் கல்லறை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து, டில்லிக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அப்பாயி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஒரு பிடி தில்லையாடி மண். கல்லறையில் தூவ வேண்டுமாம்.

மகள் அதைக் கண்ணில் ஒற்றிக் கொண்டாள். ஆனால் பெட்டியில் வைக்கவில்லை. மண், விதை, செடி ஆகியவற்றை அனுமதியின்றி அந்நாட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. பயிர்நோய் பரவும் என்பதால் ஏற்பட்ட விதி என்றாள். "ஒரு பிடி மண், ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். வரிசையில் நின்று பழகு, பொய் சொல்லாதே என்று இருபது ஆண்டு போதித்த அதே நாங்கள். அப்பாயியின் மனம் நோகுமே என்ற ஒன்றுதான் அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"நானே அப்பாயியிடம் பேசுகிறேன்" என்றாள். பேசினாள். மறுமுனையில் அப்பாயி விட்டுக் கொடுக்கவில்லை. "அந்தப் புள்ளையும் சட்டத்தை மீறித்தானே செயிலுக்குப் போனா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். எங்களிடம் விடையில்லை.

மகள் சிறிது யோசித்தாள். "மீறினார்கள், அப்பாயி. ஆனால் ஒளித்து மீறவில்லை. அனுமதியில்லாமல்தான் எல்லையைத் தாண்டினார்கள். பிடித்துக் கொள்ளுங்கள் என்று நேரே நின்றார்கள். அந்தச் சட்டம் அநியாயம் என்று ஊரறியச் சொல்லித் தண்டனையையும் ஏற்றுக் கொண்டார்கள். இந்த மண் விதி அங்குள்ள குடியானவர்களின் பயிரைக் காக்கப் போட்டது. அதை நான் ஸ்வெட்டருக்குள் ஒளித்து மீறினால், வள்ளியம்மை முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?"

குடியானவர் பயிர் என்ற சொல்தான் வேலை செய்தது என்று எண்ணுகிறோம். வயலோடு வாழ்ந்த மனுஷி அவர். "பயிருக்கு ஆகாதுன்னா வேண்டாம்" என்றார். "கையெடுத்துக் கும்பிட்டு, தில்லையாடிப் பக்கத்திலேருந்து வந்திருக்கேன்னு வாயைத் தெறந்து சொல்லு. அது போதும்."

சட்டம் படிக்க அனுப்பியவர்கள் நாங்கள். சட்டத்தை மீறுவதற்கும் ஏய்ப்பதற்கும் உள்ள தொலைவை எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று அவள் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிரவு அவளுடைய பயணத்தைப் பற்றிய அச்சம் எங்களை விட்டுப் பாதி நீங்கிற்று. மீதிப் பாதி பெற்றோர்க்கு உரியது, அது போகாது.

விமான நிலைய வாயிலில் காவலர் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பு நோக்கி, அவள் தந்தையின் பெயரை உரக்கப் படித்தார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

கல்லூரி திறக்க இரண்டு நாள் இருக்கையில் திரும்பி வந்தாள். பெட்டியைத் திறக்குமுன் அப்பாயியை அழைத்தாள். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தாள். "அங்க மண்ணு எப்படி?" என்று அப்பாயி கேட்டார். "சிவப்பு, அப்பாயி. நம்ம ஊர் மண் மாதிரி இல்லை."

தில்லையாடி மண்ணை எங்கள் மாடி முகப்பிலுள்ள துளசித் தொட்டியில் இட்டிருக்கிறோம். பொங்கலுக்கு அவள் தனியாகவே ரயிலேறி ஊருக்குப் போய் வந்தாள்.