அட்வான்ஸ் கணக்கு

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. சேலத்தில் பையனுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பழகிவிட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

நீங்கள் காலி செய்த மோகனூர் ரோட்டு வீட்டின் சொந்தக்காரர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

"புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்கிறாராமே. நம் பக்கம் பல வீடுகளில் இதுதான் நடப்பு. நீ கொடுத்த 50,000 ரூபாய் அப்போதே போர் போடவோ மகள் சீருக்கோ போயிருக்கும். அடுத்த ஆளின் பணத்தில்தான் உனக்குத் திருப்புவார். ஆள் வராதது அவர் கஷ்டம், உன் கஷ்டமில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்கிறது.

அடுத்து, அட்வான்ஸில் பிடிக்க அவர் சொல்லும் அந்த 18,000 ரூபாய் பெயிண்ட் கணக்கு. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், வயரிங் எல்லாம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் செலவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை வேறு. என்னிடமுள்ள ஜெராக்ஸில் அப்படி ஒரு வரியும் இல்லை. அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு, குடியிருந்தால் வருவதுதான். ஆனால் துவைக்கிற கல் பக்கத்துக் குழாயைப் பையன் உடைத்தது நம் செலவு. கடைசிக் கரண்ட் பில்லும் நம்முடையது. இந்த இரண்டையும் நாமே முதலில் கழித்துக் காட்டு. அப்புறம் அவருக்குப் பேச இடமிருக்காது.

இனிமேல் போனில் கெஞ்சாதே, சண்டையும் போடாதே. கொடுத்த தேதி, தொகை, சாவி ஒப்படைத்த நாள், பிடித்தம், மீதி என்று ஒரே தாளில் எழுதி, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. கூகுள் பேயில் பணம் போட்ட ரசீதையும் பிரிண்ட் எடுத்து இணை.

அதற்கும் அசையாவிட்டால், நாமக்கல் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்போம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் சமாதானமாக முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வாடகை அதிகாரியிடமும் போகலாம்தான். ஆனால் உன்னுடையது பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம்; அங்கே அது இடிக்கும். எப்படியானாலும் 3 வருஷம் தாண்டவிடக் கூடாது, அதற்குமேல் கேஸ் நிற்காது.

சேலத்து வீட்டு ஒப்பந்தத்தை இந்த மாதமே வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடச் சொல் மாப்பிள்ளையிடம். அங்கே எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள்? மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டிருந்தால் எனக்கு எழுது.

கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பு. தபால் சேர்ந்ததும் நானே ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்